இணுவில் வாசலோடு திருப்பப்பட்ட வைத்தியர்: மேரி ரட்ணத்தின் வாழ்க்கை

கொக்குவிலில் இருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால், தாவடி கழிந்ததும் இணுவில் வந்துவிடும். சைக்கிளில் கால் மணித்தியாலப் பயணம். அங்கேதான் மக்லியோட் வைத்தியசாலை இருக்கிறது. இந்தப் பக்கத்துச் சனத்துக்கு அது இணுவில் ஆஸ்பத்திரி. கொக்குவில், கோண்டாவில், இணுவில், உடுவில் வீடுகளில் வயதான அம்மாமாரைக் கேட்டுப் பாருங்கள். தாங்களோ, தங்கள் பிள்ளைகளில் ஒருவரோ அங்கே பிறந்ததாகச் சொல்லாத வீடு குறைவு.

பெண்களுக்காக, பெண் வைத்தியர்களைக் கொண்டு நடத்துவதற்கென்றே அமெரிக்க மிசன் அந்த வைத்தியசாலையை அமைத்தது. அது திறக்கப்பட்டது 1898 இல். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, அங்கே வேலை செய்யவென்று கனடாவிலிருந்து ஒரு பெண் வைத்தியர் இலங்கைக்கு வந்திருந்தார். பட்டம் பெற்றவர். இளவயது. பெண் வைத்தியர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த காலம் அது. ஆனால் அவருக்கு அந்த வேலை கொடுக்கப்படவில்லை. அவருடைய கல்வியிலோ ஒழுக்கத்திலோ யாரும் குறை கண்டதால் அல்ல. வருவதற்கு முன் அவர் ஒரு தமிழரைத் திருமணம் செய்திருந்தார் என்பதுதான் காரணம்.

அவர் பெயர் மேரி ஹெலன் இர்வின். பின்னாளில் இலங்கை முழுவதும் டொக்டர் மேரி ரட்ணம் என்று அறியப்பட்டவர். இந்த நாட்டுப் பெண்களின் வாக்குரிமை, உடல்நலம், கிராமப் பெண்களின் அமைப்புகள் என்று எதைப் பேசினாலும் அவருடைய பெயரைத் தவிர்க்க முடியாது. எங்கள் ஊரில்தான் அந்தப் பெயர் அதிகம் பேசப்படுவதில்லை.

ஒன்ராறியோவில் இருந்து

மேரி 1873 இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிரெஸ்பிட்டேரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். இன்று அந்த மாகாணத்தில் எங்களுக்கு உறவினர் இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் அரிது. அவர்கள் விமானம் ஏறி அங்கே போவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் முன்னர், அங்கிருந்து ஒரு பெண் கப்பலேறி எங்களை நோக்கி வந்திருக்கிறார்.

அந்தக் காலக் கனடாவில் ஒரு பெண் வைத்தியராவது லேசான காரியமில்லை. ஜெனி ட்ரவுட் என்பவர் 1875 இல்தான் முதலாவது அனுமதி பெற்ற பெண் வைத்தியரானார். அதற்கான படிப்பை அவர் கனடாவில் முடிக்க முடியாமல் அமெரிக்காவுக்குப் போக வேண்டியிருந்தது. பெண்கள் தங்களோடு ஒரே வகுப்பில் இருக்கக்கூடாது என்று மருத்துவக் கல்லூரிகளில் ஆண் மாணவர்கள் சண்டை பிடித்தார்கள். அதனால் 1883 இல் ரொறன்ரோவில் பெண்களுக்கென்று தனியாக ஒரு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. மேரி அங்கே படித்த தலைமுறையைச் சேர்ந்தவர். கதவைச் சாத்துகிறவர்களைப் பற்றி அவர் இலங்கைக்கு வந்துதான் அறிந்துகொண்டார் என்றில்லை.

அந்தத் தலைமுறைப் பெண் வைத்தியர்கள் பலருக்கு ஆசியாவில் மிசன் பணி ஒரு வழியாகத் தெரிந்தது. மத நம்பிக்கை ஒரு காரணம். தங்கள் நாட்டில் கிடைக்காத பொறுப்பும் சுதந்திரமும் வெளிநாட்டு மிசன் வைத்தியசாலைகளில் கிடைத்தன என்பது இன்னொரு காரணம். ஆசியப் பெண்களுக்கும் அவர்கள் தேவைப்பட்டார்கள்.

ஆண் வைத்தியரிடம் போகாத பெண்கள்

யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க மருத்துவம் வந்தது 1820 அளவில். பண்டத்தரிப்பில் ஜோன் ஸ்கடர் தொடங்கி வைத்தார். அதன் பின் 1847 இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயைத் தளமாகக் கொண்டு மருத்துவம் கற்பித்தார். 60 க்கும் மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றினார். பின்னர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, பெரிய மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி 1870 இல் திறக்கப்படுவதற்கு முன்னரே மானிப்பாயில் மேற்கத்தைய மருத்துவம் படித்து வெளியேறியவர்கள் இருந்தார்கள்.

ஆனால் கிறீன் உருவாக்கிய வைத்தியர்கள் எல்லோரும் ஆண்கள். யாழ்ப்பாணத்துப் பெண், அதிலும் பிள்ளைப்பேற்றுக்கு, ஆண் வைத்தியரிடம் போகமாட்டாள். வீட்டாரும் விடமாட்டார்கள். ஊர் மருத்துவச்சியின் கைதான் கதி. பிரசவம் சிக்கலானால் தாய்க்கும் பிள்ளைக்கும் கடவுள்தான் துணை.

கடலுக்கு அப்பாலும் இதே நிலைதான். ஜோன் ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடர், திண்டிவனத்தில் தகப்பனாரோடு தங்கியிருந்தபோது ஒரே இரவில் மூன்று வீடுகளில் இருந்து கணவன்மார் உதவி கேட்டு வந்தார்கள். வைத்தியரான தகப்பனாரை அனுப்ப முன்வந்தபோது மூவருமே மறுத்துவிட்டார்கள். மூன்று பெண்களும் பிரசவத்தில் இறந்தார்கள். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவம் படிக்க வைத்தது. வேலூர் மருத்துவமனை அதிலிருந்து வளர்ந்தது.

யாழ்ப்பாணத்தில் இந்தத் தேவையைக் கண்டவர்கள் மேரி லீச், மார்கிரெட் லீச் என்ற அமெரிக்கச் சகோதரிகள். 1880 அளவில் வந்து இங்கே பல ஆண்டுகள் பணியாற்றினார்கள். பின்னர் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஊர் ஊராகப் போய், யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கென ஒரு வைத்தியசாலை வேண்டும் என்று பேசிப் பணம் சேர்த்தார்கள். அந்த முயற்சியால் இணுவிலில் வைத்தியசாலை எழுந்தது. அதற்கு வைத்தியர்கள் தேடப்பட்டபோது தெரிவானவர்களில் ஒருவர்தான் மேரி இர்வின்.

ஒரு திருமணம்

புறப்படுவதற்கு முன் அமெரிக்காவில் தங்கியிருந்த காலத்தில் மேரி ஓர் இளைஞரைச் சந்தித்தார். அவர் சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரட்ணம். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர். உயர்கல்விக்காக அமெரிக்கா சென்றிருந்தவர். இருவரும் விரும்பினார்கள். மேரி இலங்கைக்குக் கப்பலேறும் முன்னரே திருமணம் முடிந்துவிட்டது.

இன்றைக்கு இது ஒரு குடும்பச் செய்தி. 1890 களில் அப்படியல்ல. அமெரிக்காவின் பல மாநிலங்களில் வெள்ளையர் வேறு இனத்தவரை மணப்பது குற்றமாக இருந்தது. அந்தச் சட்டங்களின் மிச்சசொச்சம் 1967 இல்தான் உச்ச நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. மேரி இலங்கைக்கு வந்த அதே 1896 ஆம் ஆண்டின் மே மாதம், அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பைக் கொடுத்திருந்தது. கறுப்பினத்தவருக்குத் தனியாக ரயில் பெட்டி ஒதுக்குவது சட்டத்துக்கு முரணல்ல என்ற தீர்ப்பு அது. தனித்தனி ஆனாலும் சமம் என்ற அந்தக் கொள்கையின் நிழலில் பாடசாலை, பேருந்து, உணவகம், வைத்தியசாலை எல்லாமே நிறத்தால் பிரிக்கப்பட்டன.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின நோயாளிகளை வெள்ளையர் வைத்தியசாலை ஏற்காது. ஏற்றாலும் நிலக்கீழ் அறையிலோ பின்கட்டிலோ கட்டில் கொடுக்கும். கறுப்பின வைத்தியர் அங்கே கடமையாற்ற முடியாது. கறுப்பினப் பெண் தாதியாகப் பயிற்சி பெற முடியாது. வடக்கிலும் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை. சிக்காகோவில் எம்மா ரெனால்ட்ஸ் என்ற கறுப்பின இளம்பெண் தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது எல்லா இடங்களிலும் மறுக்கப்பட்டார். டானியல் ஹேல் வில்லியம்ஸ் என்ற கறுப்பின அறுவை மருத்துவர் அதைக் கேள்விப்பட்டு, 1891 இல் புரொவிடன்ட் என்ற வைத்தியசாலையையே தொடங்கினார். தாதிப் பயிற்சிக் கூடமும் சேர்ந்தே தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில், நெஞ்சில் கத்திக்குத்து வாங்கி வந்த ஒருவரின் இதய உறையைத் தைத்து உயிர் காப்பாற்றி வில்லியம்ஸ் உலகப் புகழ் பெற்றார்.

இணுவிலும் சிக்காகோவைப் போலவே, பெரிய வைத்தியசாலைகள் எட்டாதவர்களுக்காக எழுந்த இடம். மற்ற வாசல்கள் மூடியிருந்த பெண்களுக்காகத் திறந்த வாசல். ஆனால் அதை நடத்தியவர்களும் தங்கள் காலத்து மனிதர்கள்தான்.

மிசனில் வெள்ளையர் வேறு, சுதேசிகள் வேறு. மிசனரி என்பது வெள்ளையரின் பதவி. சுதேசி எவ்வளவு படித்திருந்தாலும் அவர் உதவியாளர். இந்த ஒழுங்கில் ஒரு சுதேசியை மணந்த வெள்ளைக்காரப் பெண்ணை எங்கே வைப்பது? அவரை மிசனரியாக ஏற்றால் கணவரையும் சமமாக நடத்த வேண்டும். மேசையில் ஒன்றாக இருத்த வேண்டும். மிசன் வீட்டில் குடிவைக்க வேண்டும். கணவர் கிறிஸ்தவர், படித்தவர், மிசன் எதைச் செய்ய வந்ததோ அதன் விளைவான மனிதர். அதெல்லாம் உதவவில்லை. சுதேசியை மணந்தவர் மிசன் வைத்தியராக இருக்க முடியாது என்ற முடிவில் அவர்கள் நின்றார்கள். இணுவில் வைத்தியசாலை டொக்டர் இசபெல்லா கர்ரின் பொறுப்பில் வளர்ந்தது. அவர் நீண்டகாலம் அங்கே அர்ப்பணிப்போடு உழைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மேரி அங்கே கால் வைக்கவில்லை.

எல்லோரும் ஒரே பிதாவின் பிள்ளைகள் என்று எங்களுக்குப் போதித்தவர்கள் இவர்கள். எங்களுடைய சாதி வழக்கத்தைக் கண்டித்து அறிக்கைகள் எழுதியவர்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருந்தது. ஆனால் தங்கள் வீட்டுத் திருமணம் என்று வந்தபோது அவர்களும் எங்களைப் போலவே நடந்துகொண்டார்கள்.

கொழும்பில்

மேரி கனடாவுக்குத் திரும்பிப் போகவில்லை. கணவரோடு கொழும்பில் குடியேறினார். பெண்களுக்கான லேடி ஹவ்லொக் அரசாங்க வைத்தியசாலையில் சிறிது காலம் வேலை செய்தார். பின்னர் தனியாக மகப்பேற்று, பெண்நோயியல் வைத்தியராகத் தொழிலைத் தொடங்கினார். கொழும்புப் பெண்கள் எல்லா இனங்களில் இருந்தும் அவரிடம் போனார்கள். மிசன் அவரை ஏற்றிருந்தால் ஓர் ஊரின் வைத்தியராக இருந்திருப்பார். விலக்கியதால் நாட்டின் வைத்தியரானார். இப்படிச் சொல்வது எங்களுக்கு ஆறுதல் இல்லை. இழந்தது நாங்கள்தான்.

நோயாளிகளின் வீடுகளுக்குள் போய் வந்த வைத்தியருக்கு ஒன்று விளங்கியது. பெண்களைக் கொல்வது நோய் மட்டுமல்ல. அடுத்தடுத்து வரும் பிள்ளைப்பேறு, சாப்பாட்டுக் குறைவு, அசுத்தமான தண்ணீர், எழுத்தறிவின்மை, எதையும் தீர்மானிக்க உரிமை இல்லாமை என்று பட்டியல் நீண்டது. 1930 களில் கூட இலங்கையில் 100,000 பிறப்புகளுக்கு 2,000 க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அந்த எண் 30 அளவில் நிற்கிறது. அந்த மாற்றத்தை மருந்துப் போத்தலால் மட்டும் கொண்டுவந்திருக்க முடியாது. மேரி இதை மிக முன்னரே கண்டுகொண்டார். 1904 இல் இலங்கைப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவர் முதன்மையானவர். 1909 இல் கொழும்பில் உருவான தமிழ்ப் பெண்கள் சங்கத்திலும் அவருடைய கை இருந்தது. இசைக்கும் நடனத்துக்கும் பெயர்பெற்ற கலாலயம் இந்தச் சங்கத்தின் பிள்ளை.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு உடல்நலம் பற்றிய நூல்களை எழுதினார். மனைப்பொருளியல் கற்பிப்போருக்குக் கைநூல் எழுதினார். வாய்விட்டுப் பேசவே ஆட்கள் கூசிய குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி 1930 களிலேயே வெளிப்படையாகப் பேசினார். அதற்கான சிகிச்சை நிலையத்தையும் தொடங்கினார். நாட்டில் குடும்பத் திட்டச் சங்கம் உருவானது 1953 இல்தான். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்னர் அந்த வேலையைத் தொடங்கியவர் எத்தனை ஏச்சுப் பேச்சுகளைக் கேட்டிருப்பார் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

வாக்குரிமை

1927 இன் இறுதியில் கொழும்பில் சில பெண்கள் கூடி, பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தை அமைத்தார்கள். மேரி ரட்ணம் அதில் முக்கியமானவர். இலங்கையின் அரசியலமைப்பை மாற்றுவது பற்றி ஆராய டொனமூர் ஆணைக்குழு அப்போது வந்திருந்தது. அதுவரை வாக்கு என்பது சொத்தும் வருமானமும் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டும். மொத்தச் சனத்தொகையில் 4 சதவீதம் அளவிலானோரே வாக்காளர். பெண்கள் சங்கத்தினர் ஆணைக்குழுவின் முன் போய்த் தங்கள் கோரிக்கையை வைத்தார்கள்.

எதிர்த்தவர்களில் எங்கள் பெரியவர்களும் இருந்தார்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கும், ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும், படிப்பும் சொத்தும் இல்லாதவர்களுக்கும் வாக்குக் கொடுப்பதைக் கடுமையாக எதிர்த்தார். 1913 இல் பெண்பிள்ளைகளுக்கென மருதனார்மடத்தில் கல்லூரி அமைத்தவரும் அவர்தான். பெண் படிக்கலாம், ஆனால் வாக்களிக்கக் கூடாது என்பது அன்று பல படித்த ஆண்களின் கருத்தாக இருந்தது.

ஆணைக்குழு பெண்களுக்கு வாக்குக் கொடுக்கச் சிபாரிசு செய்தது. ஆனால் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்றது. பின்னர் அந்தப் பாகுபாடு கைவிடப்பட்டு, ஆண் பெண் இருபாலாருக்கும் 21 வயதில் வாக்குரிமை வந்தது. 1931 இல் ஆசியாவிலேயே முதன்முதலாகச் சர்வசன வாக்குரிமையோடு ஒரு தேர்தல் இங்கே நடந்தது. மலையகத் தோட்டத் தொழிலாளர்களுக்கு மட்டும் நிபந்தனைகள் போட்டு ஒரு பகுதியினரை வெளியே நிறுத்தினார்கள் என்பதையும் இங்கே மறக்கக்கூடாது.

அந்த 1931 தேர்தலில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் வாக்களிக்கவில்லை. முழுச் சுயராச்சியம் தராத அரசியலமைப்பு இது என்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைப்பு விடுத்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் 4 தொகுதிகளிலும் ஒருவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. 1934 இல்தான் இந்த ஆசனங்களுக்குத் தேர்தல் நடந்தது. இளைஞர் காங்கிரஸின் நோக்கம் உயர்ந்தது. சாதிக்கு எதிராகவும், பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருப்பதற்காகவும் குரல் கொடுத்தவர்கள் அவர்கள். என்றாலும் ஒரு கிராமத்துப் பெண் தன் வாழ்நாளில் முதன்முறையாகப் பெற்ற உரிமையைப் பயன்படுத்த மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டி வந்தது. அதைப் பற்றி அவளிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

மேரி ரட்ணம் 1937 இல் கொழும்பு மாநகர சபைக்கு நடந்த தேர்தலில் பம்பலப்பிட்டியில் போட்டியிட்டு வென்றார். மாநகர சபைக்குத் தெரிவான முதற்பெண் அவர். பின்னர் ஒரு சட்ட நுணுக்கத்தால் அந்த ஆசனத்தை இழந்தார். அப்போது அவருக்கு வயது 64 அளவில்.

கிராமத்துப் பெண்களோடு

நகரத்துப் படித்த பெண்களின் சங்கங்களோடு அவர் நின்றுவிடவில்லை. இலங்கையின் பெண்களில் பெரும்பான்மையினர் கிராமங்களில் இருந்தார்கள். கனடாவில் தான் அறிந்த ஒரு முன்மாதிரி அவர் நினைவுக்கு வந்தது.

ஒன்ராறியோவில் அடலேட் ஹூட்லெஸ் என்ற தாய் 1889 இல் தன் கைக்குழந்தையைப் பறிகொடுத்தார். அசுத்தமான பாலே காரணம் என்று சொல்லப்பட்டது. சுத்தம் பற்றித் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லையே என்ற வேதனையில் அவர் பேசத் தொடங்கினார். 1897 இல் ஸ்டோனி கிறீக் என்ற சிற்றூரில் விவசாயக் குடும்பங்களின் பெண்கள் கூடி ஓர் அமைப்பை ஏற்படுத்தினார்கள். அது கனடா முழுவதும் பரவி, கடல் கடந்தும் போனது.

அந்த மாதிரியைக் கொண்டு மேரி 1930 அளவில் லங்கா மகிள சமிதி என்ற அமைப்பைத் தொடக்கினார். கிராமத்துப் பெண்கள் வாரத்தில் ஒரு நாள் வீட்டு வாசலைத் தாண்டி ஓரிடத்தில் கூடுவதே பெரிய விடயம். அங்கே பிள்ளை வளர்ப்பு, சுத்தம், சத்துணவு, தோட்டம், நெசவு, தையல், கணக்கு வைப்பது எல்லாம் பழகினார்கள். தங்கள் கூட்டத்துக்குத் தாங்களே தலைவி, செயலாளர் தெரிவு செய்தார்கள். நாடெங்கும் கிளைகள் வந்தன. இன்று வன்னியிலும் குடாநாட்டிலும் எங்கள் மாதர் சங்கங்கள் சிட்டைகளோடு மரநிழலில் கூடும்போது, பெரும்பாலும் கணவனை இழந்த பெண்கள் குடும்பத்தைத் தூக்கி நிறுத்த அந்தக் கூட்டங்களில் ஒரு பலத்தைத் தேடும்போது, அந்த வழக்கத்தின் வேர்களில் ஒன்று மேரி போட்டது என்பது பலருக்குத் தெரியாது.

1958

மேரி ரட்ணம் நீண்ட காலம் வாழ்ந்தார். பிரித்தானியக் கொடி இறங்கியதைக் கண்டார். 1948 இல் மலையகத் தமிழர் பிரஜாவுரிமை இழந்ததையும், 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்ததையும் அந்த நாட்டில் இருந்தபடியே கண்டார். 1958 மே மாதம் தமிழர்களுக்கு எதிராக வன்முறை வெடித்தது. கொழும்பிலிருந்து கப்பல்களில் ஏற்றப்பட்ட அகதிகள் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார்கள். எங்களுடைய பெரியவர்களின் நினைவில் இடம்பெயர்வின் முதல் அத்தியாயம் அதுதான்.

அதே 1958 ஆம் ஆண்டு ஓகஸ்டில் பிலிப்பைன்ஸின் மக்சேசே விருது முதன்முறையாக வழங்கப்பட்டது. ஆசியாவில் பொதுப்பணி செய்தவர்களைக் கௌரவிக்கும் விருது. இந்தியாவில் இருந்து பூமிதான இயக்கத்தின் வினோபா பாவே தெரிவானார். இலங்கையில் இருந்து பொதுச் சேவைக்காகத் தெரிவானவர் 85 வயது மேரி ரட்ணம். ஒரு தமிழ்ப் பெயரைச் சுமந்ததற்காக மனிதர்கள் தெருவில் அடிக்கப்பட்ட ஆண்டில், இலங்கைக்கு முதல் மக்சேசே விருதைக் கொண்டுவந்த பெண்ணின் பெயர் தமிழ்ப் பெயராக இருந்தது. அந்தப் பெயரை எடுத்ததற்காகத்தான் அறுபது ஆண்டுகளுக்கு முன் அவருக்கு வேலை மறுக்கப்பட்டது.

1962 இல், தொண்ணூறை நெருங்கிய வயதில் அவர் காலமானார். இரண்டு ஆண்டுகளில் அமெரிக்காவில் குடியியல் உரிமைச் சட்டம் வந்தது. அரச நிதி பெறும் வைத்தியசாலைகள் நோயாளிகளை நிறத்தால் பிரிக்க முடியாத நிலை அதன் பின்னர்தான் ஏற்பட்டது.

இணுவிலைக் கடக்கும்போது

யுத்த காலத்தில் வைத்தியசாலை என்பதன் பெறுமதியை நாங்கள் நன்றாக அறிந்துகொண்டோம். 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குள் இந்தியப் படையினர் நோயாளர்களையும் வைத்தியர்களையும் தாதியரையும் சுட்டுக் கொன்றதை மறக்க முடியாது. அதே வாரத்தில் கொக்குவில் இந்துக் கல்லூரியில் தஞ்சமடைந்திருந்த சனமும் கொல்லப்பட்டது. 1990 களில் மின்சாரமும் மருந்தும் இல்லாத ஆண்டுகளில் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் பிறந்த பிள்ளைகளின் தலைமுறை இன்று முப்பதைத் தொட்டுவிட்டது. நானும் அந்தத் தலைமுறையில் ஒருத்தி. ஒரு வைத்தியர், ஒரு மருத்துவிச்சி, ஒரு தாதி இருந்தால் போதும், அவர் எந்த ஊர், என்ன சாதி, என்ன சமயம் என்று அந்த நாட்களில் யாரும் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறோம். கிளிநொச்சியில் இருந்தோ மலையகத்தில் இருந்தோ மாற்றலாகி வரும் தாதிக்கு வாடகைக்கு வீடு கொடுப்பதற்கு முன், ஊரையும் பகுதியையும் விசாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேற்றுச் சாதியிலோ வேற்றுச் சமயத்திலோ மணம் முடித்த பிள்ளையை வீட்டுக்கு எடுக்காத குடும்பங்கள் கொக்குவிலிலும் உண்டு, ரொறன்ரோவிலும் உண்டு. கனடாவில் எங்கள் பிள்ளைகள் கறுப்பினத்தவரையோ வெள்ளையரையோ மணக்கும்போது எங்கள் வாயில் வருகிற வார்த்தைகள் அந்தக் கால மிசன் கூட்ட அறையில் பேசப்பட்டவற்றை விடப் பெரிதாக வித்தியாசப்படாது.

மிசன் தான் கட்டிய நல்ல காரியத்தைத் தானே குறைத்துக்கொண்டது. பிரசவத்தில் இறக்கும் பெண்களைக் காப்பாற்ற ஒரு வைத்தியசாலையைக் கட்டியவர்கள், அதற்கென்று வந்த வைத்தியரை அவர் கணவரின் நிறத்துக்காகத் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஆண்டுகளில் வலிகாமத்தில் எத்தனை பெண்களுக்கு இன்னொரு பெண் வைத்தியரின் கை தேவைப்பட்டிருக்கும்? கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் ரயில் இணைத்தது 1905 இல்தான். கொழும்பில் இருந்த மேரியிடம் இணுவில் பெண் போய்ச் சேர வழியே இருக்கவில்லை.

இணுவில் வைத்தியசாலைக்குப் பெருமை உண்டு. பல தலைமுறைத் தாய்மாரைக் காப்பாற்றிய பெருமை அது. மேரி ரட்ணத்தின் கதையைச் சொல்வதால் அந்தப் பெருமை குறையாது. அடுத்த முறை காங்கேசன்துறை வீதியால் அந்த வாசலைக் கடக்கும்போது, அங்கே கடமையாற்ற ஒன்ராறியோவில் இருந்து வந்து, எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவரின் மனைவி என்பதால் உள்ளே விடப்படாமல் போன அந்த வைத்தியரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வோம். எங்கள் வீட்டு வாசலில் இன்று நிற்பவர் யார் என்பதையும் பார்த்துக்கொள்வோம்.